தங்கமீன் தொட்டி: பழுதுபார்த்த கேனிஸ்டர் ஃபில்டரும் ஒரு பஞ்சும்

தீக்குச்சி அளவே உள்ள பீங்கான் தண்டு அது. தொட்டிக்கு வெளியே நின்று தண்ணீரைச் சுத்தம் செய்யும் மூடிய டப்பாவான கேனிஸ்டர் ஃபில்டரின் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் குட்டிச் சக்கரம், அதில்தான் சுழல்கிறது. முறிந்துவிட்டது. கடையில் கேட்டால் தண்டு தனியாக வராதாம், மோட்டார் தலைப்பகுதியையே வாங்க வேண்டுமாம். புது ஃபில்டர் விலையில் பாதி! நியாயமா இது? கடைசியில் சிவாஜிநகரில் ஒரு பெரியவர் பழைய மோட்டாரிலிருந்து தண்டைக் கழற்றிக் கொடுத்தார். இப்போது ஓடுகிறது.

தொட்டியில் குறையே இல்லை. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை ஊற்றினால் 190 லிட்டர். ஒராண்டா வகைத் தங்கமீன்கள் இரண்டுக்குத் தாராளம். பெங்களூரு குளிருக்கு ஹீட்டரும் வேண்டாம். கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுத் தங்கமீன் விற்பவர்களைக் கண்டால் கோபம்தான் வருகிறது. இரைப்பை இல்லாத மீன். தின்றதெல்லாம் சீக்கிரமே கழிவாகிவிடும், செவுள் வழியே அம்மோனியா வெளியேறும். அதற்குக் கிண்ணத்தில் ஏது இடம்?

ஃபில்டர் தன் வேலையை அருமையாகச் செய்கிறது. செராமிக் வளையங்களில் குடியேறிய பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. வாடை கிடையாது, கலங்கல் கிடையாது. தண்ணீர் திரும்பி வரும் குழாயை மட்டும் கண்ணாடிப் பக்கம் திருப்பி வையுங்கள். உருண்டை உடம்புக்காரரான ஒராண்டா வேகமான ஓட்டத்தில் தடுமாறும்.

ஆனால் எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு இம்பெல்லரில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. முதலில் முனகல், பிறகு கரகரப்பு. வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போகும், மறுபடி வரும். மின்சாரம் நெடுநேரம் போனாலும் கவலைதான்: மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும்.

பழுது பார்க்கும் வரை மீன்களைக் காத்தது மூலையில் கிடந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஒரு காற்றுப் பம்பு, ஒரு குழாய், ஒரு பஞ்சு, அவ்வளவுதான். மின்சாரம் போனால் அதே குழாயில் பேட்டரி பம்பை மாட்டலாம். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் பிழிய வேண்டும். குளோரின் கலந்த காவிரித் தண்ணீரில் அலசினால் பாக்டீரியா போய்விடும்.

கீழ் வீட்டுத் தம்பி, "அக்கா, நானும் கேனிஸ்டரே வாங்கட்டுமா?" என்று கேட்டான். "வேண்டாம். பெரிய ஸ்பாஞ்ச் இரண்டு வாங்கு, மிச்சப் பணத்தில் தொட்டியைப் பெரிதாக்கு" என்றேன். அப்படியானால் உங்களுடையதை விற்றுவிடுகிறீர்களா என்றான். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.