கார் தேயவில்லை, விலைதான் தேய்ந்தது: சீன மின்சாரக் காருடன் 3 வருடம்

2022 நவம்பரில் ஷாங்காயில் ஒரு சீன மின்சாரக் கார் வாங்கினேன். மூன்று வருடம் முடிந்தபோது, 2025 கடைசியில், மீட்டர் 62,000 கிலோமீட்டரைக் காட்டியது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. குறையும் சொல்வேன், அதுவும் ஒரே ஒரு கார் ஒரே ஒரு ஆளுக்கு உழைத்த கதைதான். நடுத்தர அளவு, 58 யூனிட் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, 1,56,800 யுவான். இது போதும்.

மின்சாரக் கார் மேல் எனக்குப் பெரிய காதல் எல்லாம் இல்லை. நம்பர் பிளேட்தான் காரணம். ஷாங்காயில் பெட்ரோல் காருக்கான நீலத் தகட்டை மாதாமாதம் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். விலை 90,000 யுவானைச் சுற்றி நிற்கும். பணத்தோடு போனாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நான் வாங்கியபோது முழு மின்சாரக் காருக்குப் பச்சைத் தகடு இலவசம். ஒரு தகரத்துக்கு அரைக் கார் விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவசரமாக வாங்கியதற்கு வேறு காரணம். 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கார்களுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த 12,600 யுவான் மானியம் 2022 டிசம்பர் 31 உடன் முடிவதாக இருந்தது. விற்பனையாளர் ஒவ்வொரு சந்திப்பிலும் விரல் விட்டு நாள் எண்ணிக் காட்டினார். நானும் மயங்கினேன்.

மானியம் முடிந்து ஆறே நாள். 2023 ஜனவரி 6 அன்று டெஸ்லா ஷாங்காய் ஆலையில் தயாராகும் மாடல் 3 காரின் ஆரம்ப விலையை 2,65,900 யுவானிலிருந்து 2,29,900க்கு இறக்கியது. முந்தின மாதம் வாங்கியவர்கள் பல ஊர்களில் ஷோரூம்களுக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். எனக்கென்ன, நான் வாங்கியது டெஸ்லா இல்லையே என்று வேடிக்கை பார்த்தேன். அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. மற்ற நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. 2024 வசந்தத்தில் என் மாடலின் புதிய பதிப்பு, கூடுதல் வசதிகளோடு, நான் கொடுத்ததைவிட 25,000 யுவான் குறைவாக வந்தது. 12,600ஐ மிச்சம் பிடிக்க ஓடியவன் நான்.

இப்படி விலை இறக்குவதைச் சீனக் கார்க்காரர்கள் "முதுகில் குத்துவது" என்கிறார்கள். நம் ஊர் வழக்கும் அதுதான் என்பதால் எனக்கு அகராதி தேவைப்படவில்லை. இன்னொரு சொல்லும் உண்டு: "வெங்காயத்தாளை அறுப்பது". அறுக்க அறுக்க மறுபடி முளைக்கும், மறுபடி அறுக்கலாம். வாங்குபவன்தான் அந்தத் தாள்.

சரி, காருக்கு வருகிறேன். விளம்பரத்தில் 500 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது சிஎல்டிசி என்ற சீன அளவுமுறைப்படி. அந்தச் சோதனையில் சராசரி வேகம் மணிக்கு 29 கிலோமீட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும், நகர நெரிசலில் ஊர்ந்து போவது போல. ஆகவே நகரத்துக்குள், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் எனக்கு 430 வரை கிடைக்கிறது. அதிவேகச் சாலையில் 120இல் பிடித்தால் 310. ஜனவரியில் ஹீட்டர் போட்டுக்கொண்டு சின்னச் சின்னத் தூரமாக ஓட்டினால் 300 கூடத் தேறாது. ஷாங்காய் குளிருக்கே இப்படி. வடகிழக்கில் உறைபனிக் குளிரில் ஹார்பின் பக்கம் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்களோ!

முதல் குளிர்காலத்தில் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கையுறை போட்டு ஓட்டிய நாட்கள் உண்டு. பிறகு இருக்கைச் சூட்டை மட்டும் போட்டால் போதும் என்று பிடிபட்டது. எல்எஃப்பி பேட்டரியில் மின்னழுத்தம் நடுவில் ஏறக்குறைய ஒரே மட்டமாக இருப்பதால், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணினிக்கே சரியாகத் தெரியாது. வாரம் ஒருமுறை 100 வரை நிரப்பினால்தான் கணக்கு நேராகும். நான் இரண்டு மாதம் 80இலேயே நிறுத்திவந்தேன். ஒருநாள் 14 சதவீதம் என்று காட்டியது பத்தே நிமிடத்தில் 6 ஆனது. அதற்குப் பிறகு ஞாயிறு இரவு தவறாமல் முழுச் சார்ஜ்.

வீட்டுச் சார்ஜர் வாங்குவது சுலபம், மாட்டுவதுதான் பாடு. கார் நிறுத்தும் இடத்துக்கான தாள், குடியிருப்பு நிர்வாகத்தின் ஒப்புதல், பிறகு மின்வாரியம் தனி மீட்டர் வைக்க வேண்டும். நிர்வாகம் தீயணைப்புப் பாதுகாப்பு என்று சொல்லி ஐந்து வாரம் இழுத்தது. மாட்டிய பிறகு சுகமோ சுகம். இரவு 10 மணிக்கு மேல் யூனிட் 30 காசுக்குச் சற்று மேல், அதாவது யுவானில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வெளியே வேகச் சார்ஜரில் நேரத்தைப் பொறுத்து 1 முதல் 1.8 யுவான். சார்ஜ் இடத்தில் பெட்ரோல் காரை நிறுத்திவிட்டுப் போகிறவர்களைப் பற்றி இங்கே எழுதினால் அச்சில் ஏற்ற முடியாது.

2023 தேசிய தின விடுமுறையில் குடும்பத்தோடு ஹுவாங்ஷான் மலைக்குக் கிளம்பினோம். போக 400 கிலோமீட்டர். அந்த வாரம் சின்னக் கார்களுக்குச் சுங்கம் இலவசம் என்பதால் ஊரே சாலையில் இருந்தது. வழியில் நின்ற ஓய்விடத்தில் நான்கு சார்ஜர், அதில் ஒன்று பழுது. எங்களுக்கு முன்னால் பதினோரு கார். இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். பக்கத்துக் காரின் பெரியவர் மடக்கு நாற்காலி, தேநீர்க் குடுவை எல்லாம் எடுத்து வைத்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இது மூன்றாவது வருடமாம். இப்போதெல்லாம் விடுமுறையில் நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறி ஏதாவது சின்ன ஊருக்குள் போய்ச் சார்ஜ் போடுகிறேன். வரிசையே இருக்காது.

பழுதுகள் அதிகம் இல்லை. 12 வோல்ட் பேட்டரி இரண்டாம் வருடம் செத்துப்போய்க் கதவே திறக்கவில்லை. 58 யூனிட்டைச் சுமந்துகொண்டு ஒரு சின்ன டப்பாவுக்காகக் கார் நின்றுபோனது. ஒரு மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு பின்புறக் கேமரா மூன்று வாரம் கறுப்பாகவே இருந்தது. சர்வீஸ் செலவு என்று பார்த்தால் ஏசி வடிகட்டியும் கூலன்டும்தான். ஆனால் யாரோ இடித்துவிட்டுப் போன முன் பம்பருக்கு, உள்ளே இருந்த சென்சார்களோடு, 5,400 யுவான் ஆனது. காப்பீட்டுக்காரர்கள் இதையெல்லாம் கணக்கில் வைத்திருக்கிறார்கள். இதே விலைப் பெட்ரோல் கார் வைத்திருக்கும் நண்பரைவிட நான் வருடத்துக்கு 1,500 யுவான் கூடுதலாகக் கட்டுகிறேன்.

பேட்டரி? 2025 மார்ச் முதல் மின்சாரக் கார்களின் பரிசோதனையில் பேட்டரியின் பாதுகாப்பையும் பார்க்கிறார்கள். சர்வீஸில் தனியாகக் கேட்டபோது கொள்ளளவு 94 சதவீதம் மிச்சம் என்றார்கள். வாங்கும்போது எல்லாரும் என்னைப் பயமுறுத்தியது இதைச் சொல்லித்தான், கடைசியில் கவலையே தராத பாகமும் இதுதான்.

பிறகு கணக்கு. மூன்று வருட மின்சாரம் மொத்தம் 6,700 யுவான் அளவில் ஆகியிருக்கிறது. கிலோமீட்டருக்கு 11 காசு. பெட்ரோல் காராக இருந்தால் 30,000க்கு மேல் போயிருக்கும். இதைச் சொல்லி நான் பெருமைப்படாத விருந்து இல்லை. மூன்று வருடம் முடிந்தபோது பழைய கார் வியாபாரி ஒருவரிடம் விலை கேட்டேன். காரைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் போனைப் பார்த்து 64,000 என்றார். 92,800 யுவான் கரைந்துவிட்டது, கிலோமீட்டருக்கு ஒன்றரை யுவான். மின்சாரக் காசை எண்ணிக்கொண்டிருந்தவன் அதைப்போல 14 மடங்கு பின்பக்கமாக ஒழுகியதைப் பார்க்கவில்லை.

வியாபாரியைக் குறை சொல்ல முடியாது. 69,800 யுவானுக்கு விற்றுக்கொண்டிருந்த, பிஒய்டி நிறுவனத்தின் சின்னக் கார் சீகல் 2025 மே மாதத் தள்ளுபடியில் 55,800க்கு வந்தது. அதே வருடம் பிப்ரவரியில், ஓட்டுநர் உதவி மென்பொருளைத் தன் சின்னக் கார்கள்வரை கூடுதல் விலை இல்லாமல் தருவதாகவும் பிஒய்டி அறிவித்தது. இதோடு, ஓடவே ஓடாமல் பதிவு மட்டும் ஆகிப் "பழைய கார்" என்று விற்கப்படும் புதுக் கார்கள் வேறு. ஆளையே தின்னும் இந்தப் போட்டிக்கு இங்கே "நெய்ஜுவான்" என்று பெயர், உள்ளுக்குள்ளேயே சுருண்டுகொள்வது. அரசாங்கமே போதும் நிறுத்துங்கள் என்று சொல்லும் அளவுக்குப் போனது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த விலையெல்லாம் மாயக் கணக்காகத் தெரியும். பிஒய்டி ஆட்டோ 3 இந்தியாவில் 2022இல் 33.99 லட்சம் ரூபாய்க்கு அறிமுகமானது. அதே கார் இங்கே யுவான் பிளஸ் என்ற பெயரில் அந்த வருடம் தொடங்கியது 1,31,800 யுவானில், அன்றைய மதிப்பில் 16 லட்சத்துக்குள். மிச்சம் இறக்குமதி வரி, கப்பல், அப்புறம் நிறுவனத்தின் லாபம். சீனாவுக்குள் கிடைக்காத லாபத்தை வெளியேதான் தேடுகிறார்கள்.

64,000க்கு நான் விற்கவில்லை. என் பேட்டரிக்கு ஆயுள் உத்தரவாதம், ஆனால் முதல் உரிமையாளருக்கு மட்டும். விற்றால் அது போய்விடும். ஆயுள் என்பது காரின் ஆயுளா நிறுவனத்தின் ஆயுளா என்ற கேள்வியும் உண்டு. வெய்மா என்ற மின்சாரக் கார் நிறுவனம் 2023இல் கடனை மறுசீரமைக்கக் கோரி நீதிமன்றப் படியேறியது. ஹைஃபை 2024 பிப்ரவரியில் உற்பத்தியை நிறுத்தியது. அந்த வருட டிசம்பரில் ஜியூவே நிறுவனமும் முடங்கியது. அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் உதிரி பாகத்துக்கு அலைவதைப் பார்க்கையில், நான் பெரிய நிறுவனமாகப் பார்த்து வாங்கியது தற்செயலான அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு, 2025 முடியும் தறுவாயில், அலுவலகத்தில் ஒரு தம்பி வந்தான். "அண்ணா, 2026இலிருந்து மின்சாரக் காருக்கும் பாதிக் கொள்முதல் வரி உண்டாம். டிசம்பருக்குள் எடுத்துடணும்னு ஷோரூம்ல சொல்றாங்க." எவ்வளவு மிச்சமாகும் என்றேன். ஏழாயிரத்துச் சொச்சம் என்றான். என் ரசீதையும் வியாபாரி சொன்ன விலையையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவசரம் இல்லையென்றால் மார்ச்சில் பார்க்கலாமா என்று கேட்டான். பார்க்கலாம் என்றேன். சாயங்காலம் போய் என் காருக்கு நான்கு டயர் மாற்றினேன், 2,100 யுவான்.