கையில் வரும் போனஸா, வரிசையில் ஓர் இடமா?

அமெரிக்காவில் 1,500 மணி நேரம் பறந்து முடித்த பைலட்டுக்கு முதல் வேலை பெரும்பாலும் பிராந்திய விமான நிறுவனங்களில்தான் கிடைக்கும். விமானத்தின் மேல் அமெரிக்கன் ஈகிள், யுனைடெட் எக்ஸ்பிரஸ் என்று எழுதியிருக்கும். ஓட்டுவது வேறு கம்பெனி. இதில் இரண்டு வகை. என்வாய், பிஎஸ்ஏ, பீட்மாண்ட் மூன்றும் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் சொந்தத் துணை நிறுவனங்கள். ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் போன்றவை பெரிய நிறுவனங்களுக்காக ஒப்பந்தத்தில் பறக்கும் தனி நிறுவனங்கள். எனக்கு இரண்டு பக்கமும் அழைப்பு வந்தது. சேர்வதற்காகத் தனி நிறுவனம் கொடுப்பதாகச் சொன்ன போனஸ் பெரிது. ஆனாலும் துணை நிறுவனத்துக்குத்தான் போனேன். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

விமானம், ரூட் பற்றிப் பேச அதிகம் இல்லை. எனக்கு அழைப்பு வந்த இரண்டு இடத்திலும் எம்ப்ரேயர் 175 விமானம்தான். மணிக்கணக்குச் சம்பளத்திலும் இப்போது பெரிய இடைவெளி கிடையாது. 2022 ஜூனில் என்வாயும் பீட்மாண்டும் முதலாண்டு கோ-பைலட்டுக்கு மணிக்கு 90 டாலர், புது கேப்டனுக்கு 146 டாலர் என்று அறிவித்தன. அதில் ஒரு பகுதி 2024 ஆகஸ்ட் வரைக்குமான தற்காலிகக் கூடுதல் தொகை என்பதைப் பலர் கவனிக்கவில்லை. இரண்டு மாதத்தில் மேசா என்ற தனி நிறுவனம் 100, 150 என்று போய்விட்டது. அப்புறம் போட்டியில் நிற்க மற்றவர்களும் ஏற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. மாதத்துக்கு 75 மணி நேர உத்தரவாதம் என்று வைத்தால், 90 டாலரில் ஆண்டுக்கு 81,000 வரும்.

இந்த உயர்வை யூனியன் மேஜையில் அடித்து வாங்கியது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க விமான ஊழியர்கள் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் காலாவதியாகாது, திருத்தத்துக்கு வரும், அவ்வளவுதான். அரசின் மத்தியஸ்த வாரியம் பேச்சுவார்த்தையிலிருந்து விடுவித்து, அதன்பின் 30 நாள் பொறுத்திருந்தால்தான் வேலைநிறுத்தமே. 2001-ல் கோம்ஏர் என்ற பிராந்திய நிறுவனத்தின் பைலட்டுகள் 89 நாள் வேலைநிறுத்தத்தில் நின்றது அபூர்வம். 2022-ல் சம்பளம் ஏறியதற்குக் காரணம் ஆளில்லாமல் கிடந்த பைலட் இருக்கைகள். அந்த மார்ச்சில் ஸ்கைவெஸ்ட், பைலட் பற்றாக்குறையால், அரசு மானியத்தில் பறந்துவந்த 29 ஊர்களை விட்டு விலகுவதாக அறிவித்தது. ஸ்கைவெஸ்ட் பைலட்டுகளுக்கு யூனியனே கிடையாது. கம்பெனிக்குள்ளேயே இருக்கிற பைலட் சங்கம் ஒன்றுதான் அவர்களுக்காகப் பேசுகிறது. அங்கேயும் சம்பளம் ஏறியதே!

சரி, எது தீர்மானிக்கிறது? என் கணக்கில் சீனியாரிட்டி, அதாவது கம்பெனியில் சேர்ந்த வரிசை மட்டுமே. எந்த ஊரில் பேஸ் (பணி தொடங்கும் விமான நிலையம்), எந்த விமானம், தீபாவளிக்கு லீவு கிடைக்குமா, எப்போது கேப்டன், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே என்று எல்லாமே வரிசை எண்ணைப் பொறுத்தது. கம்பெனி மாறினால் அந்த எண் நம்மோடு வராது. இருபது வருட கேப்டனும் புது இடத்தில் கடைசி ஆளாகத்தான் உட்கார வேண்டும். போனஸோ ஒரு தடவை வரும், வரி பிடித்துக்கொண்டு வரும். குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் கூட வரலாம். எனக்கு வந்த கடிதத்தில் இருந்தது. ஆளைத் தக்கவைப்பதற்கென்றே கொடுக்கிற பணம் அது.

துணை நிறுவனத்தில் இருப்பது வேறு மாதிரியான கயிறு. அங்கே சேர்ந்த நாளிலிருந்தே அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குள் நுழையும் வரிசையில் நமக்கு ஓர் இடம் உண்டு, தனி நேர்காணல் இல்லாமல். 2022, 2023-ல் பெரிய நிறுவனங்கள் ஆளை அள்ளிக்கொண்டிருந்தபோது இதற்கு மதிப்பில்லை; எங்கிருந்தும் தாவலாம். 2024-ல் ஆளெடுப்பு சுணங்கியபோதுதான் அதன் அருமை தெரிந்தது. அமெரிக்கன் எடுப்பது குறைந்தால் வரிசையும் மெதுவாகத்தான் நகரும், அது உண்மை. ஆனால் வெளியே விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவருக்கு அந்த மெதுவான வரிசைகூட இல்லை.

தனி நிறுவனங்களின் ஆயுளையும் பார்க்க வேண்டும். டிரான்ஸ் ஸ்டேட்ஸும் காம்பஸும் 2020 ஏப்ரலில் மூடின. எக்ஸ்பிரஸ்ஜெட் 2022 ஆகஸ்டில் திவாலானது. 2025-ல் மேசாவை ரிபப்ளிக்குடன் இணைப்பதாக அறிவித்தார்கள்; இரண்டு சீனியாரிட்டிப் பட்டியலை ஒன்றாக்குவது எப்போதுமே தலைவலிதான்.

அதற்காகத் துணை நிறுவனம் பாதுகாப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன். கோம்ஏர் டெல்டாவின் சொந்த நிறுவனம்தான். 2012 செப்டம்பரில் டெல்டாவே அதை மூடியது. 2014-ல் என்வாய் பைலட்டுகள் சம்பளக் குறைப்பு ஒப்பந்தத்தை நிராகரித்தபோது, வரவேண்டிய புது விமானங்கள் வேறு நிறுவனங்களுக்குப் போயின. ஒரே அப்பாவுக்கு மூன்று பிள்ளைகள் இருந்தால் ஒருவரைக் காட்டி இன்னொருவரை மிரட்டுவது சுலபம். இந்தக் குறையைச் சரிக்கட்ட எனக்கு வழி தெரியவில்லை.

கேப்டன் இருக்கையிலிருந்து பார்த்தால் கணக்கு மாறலாம். நான் இன்னும் கோ-பைலட்தான். கேப்டன் சம்பளம் இவ்வளவு ஏறிய பிறகு சிலர் பெரிய நிறுவனத்துக்குப் போகாமல் பிராந்தியத்திலேயே ஓய்வு பெறும் 65 வயது வரை இருக்கத் தீர்மானிக்கிறார்கள். அப்படி இருப்பவருக்கு அந்த வரிசையால் பயனில்லை. தனி நிறுவனம் நல்ல தேர்வாகவே இருக்கும்.

பயிற்சிக் கடன் கழுத்தை நெரிப்பவருக்கும், வீடு இருக்கிற ஊரிலேயே தனி நிறுவனம் பேஸ் தருகிறவருக்கும் போனஸை வாங்கிக்கொள்ளச் சொல்வேன். விமானம் பிடித்து வேலைக்குப் போய்வருவது சம்பளத்தையும் தூக்கத்தையும் சேர்த்தே தின்னும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கம்பெனியே மூடினால் போனஸைத் திருப்பிக் கேட்பார்களா, மாட்டார்களா?