61,500 ரூபா ஒரு நொடியில் போனது: பவர் சப்ளை மாற்றக் கொடுக்கிறவர்கள் கவனம்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றுத்தான் கடைக்காரர்கள் கடைசியாகக் கையை விரித்தார்கள்.

நான் மட்டக்களப்பு கல்லடியில் வீட்டில் இருந்தே கல்யாண அல்பம் செய்கிறவன். போன கிழமை கரண்ட் போய்த் திரும்பி வந்த கையோடு கொம்பியூட்டர் செத்துப்போனது. உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி, பவர் சப்ளைதான் என்று எனக்கே விளங்கியது. நானே வாங்கி மாட்டியிருக்கலாம். வேலை நெருக்கடி, களுவாஞ்சிக்குடிக் கல்யாணம் ஒன்றின் அல்பம் அரைவாசியில் கிடந்தது, அதனால் டவுனில் கொம்பியூட்டர் விற்று, திருத்தியும் கொடுக்கிற ஒரு கடைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனேன். பேர் சொல்ல மாட்டேன்.

கடையில் இருந்த தம்பி நல்ல மாதிரித்தான் கதைத்தான். கதிரை போட்டு உட்காரவைத்தான், பிளேன்டீ வந்தது. பழைய பவர் சப்ளை கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற மொடியூலர் வகை. புதிதும் மொடியூலர்தான், ஆனால் வேறு கம்பனி. விலை 24,500, கூலி 2,500. மதர்போர்டுக்குப் போகிற பெரிய கேபிளைப் புதுப் பெட்டியில் இருந்து எடுத்து மாட்டினான். ஹார்ட் டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டிக்கும் (அதுவும் சேமிக்கிற டிஸ்க்தான்) போகிற கேபிளை மட்டும் கழற்றவில்லை. அது பின்பக்கத்தால் ஓடி, நான் நாலைந்து இடத்தில் டை போட்டு இறுக்கியிருந்தது. வெட்டித் திரும்பக் கட்டப் பஞ்சி, வேறொன்றுமில்லை.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்கவும் கேட்டேன். “தம்பி, பழைய கேபிள் இதுக்குச் சரிவருமா?” ஒரு முனையைப் புதுப் பவர் சப்ளையில் செருகிக் காட்டினான், டக்கென்று பூட்டிக்கொண்டது. “பாருங்க அண்ணன், சரியாப் போகுதுதானே, எல்லாம் ஒரே ப்ளக்தான்.” அந்த ‘டக்’ சத்தத்தை நம்பினேன். அதுதான் நான் விட்ட பிழை. டிஸ்க் இரண்டையும் கொழுவாமலே போட்டுக் காட்டினான், திரையில் லோகோ வந்தது, நிறுத்தினான், பிறகு டிஸ்க்குகளைக் கொழுவி மூடியை முடுக்கித் தந்தான். காசு கொடுத்துவிட்டுச் சந்தோசமாக வந்தேன்.

வீட்டில் பட்டனை அமத்தினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், எரிந்த நாற்றம். அடுத்த முறை அமத்தினால் ஃபேன் அரைச்சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. உம்மென்று கிடந்தது. டிஸ்க் கேபிளைக் கழற்றினால் மட்டும் லோகோ வருகிறது. ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தேன், பச்சைப் பலகையில் கடுகளவு ஒரு துண்டு கருகியிருந்தது. எஸ்எஸ்டிக்கும் அதே கதி. அம்மா அடுப்படியில் இருந்து “என்ன மனே கருகுது?” என்று கேட்கிறா, எனக்கு வாயில் சொல் வரவில்லை.

ஹார்ட் டிஸ்க் 42,000, எஸ்எஸ்டி 17,000, கூலி என்று வாங்கிய 2,500. 61,500 ரூபா.

காரணம் இதுதான். கேபிளின் டிஸ்க் பக்க முனை எல்லாக் கம்பனிக்கும் ஒரே தரம். பவர் சப்ளைப் பக்க முனைக்கு அப்படிப் பொதுவான ஒழுங்கு இல்லை. ப்ளக் ஒரே வடிவமாக இருக்கும், உள்ளே எந்த ஊசியில் எத்தனை வோல்ட் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், சிலவேளை ஒரே கம்பனியின் இரண்டு மொடலுக்குள்ளேயே மாறும். 5 வோல்ட் வரவேண்டிய வயரில் 12 வோல்ட் வந்தால் டிஸ்க் என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை போனேன். “மின்னல் அடிச்சிருக்கும் அண்ணன்.” வெயில் கொளுத்துகிற நாளில் என்ன மின்னல். சனிக்கிழமை, “கல்லடிதானே, கடல் காத்து, உப்புப் பிடிச்சிருக்கும்.” உப்புக்காற்றால் என் கேசின் ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்திருக்கிறது, உண்மை. அதற்காக உப்பு வந்து இரண்டு டிஸ்க்கையும் ஒரே நொடியிலா எரிக்கும்? மறுகா, முதலாளி கொழும்புக்குப் போயிருக்கிறாராம். வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. நேற்று முதலாளியே கதைத்தார்: “வாரண்டி பவர் சப்ளைக்குத்தான், அது வேலை செய்யுதே.” 61,500 ரூபாவுக்கு இதுதான் பதில்.

1977 என்ற நம்பருக்கு, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குக் கோல் எடுத்தேன், பில்லோடு எழுத்தில் முறைப்பாடு தரச் சொன்னார்கள். பில்லில் இருப்பது ‘பவர் சப்ளை 1’ என்ற ஒரே வரி. கூலி 2,500 எங்கேயும் இல்லை.

வீட்டில் கொம்பியூட்டர் பழுதாகிற பத்து வழி எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், இப்போது பொறுமை இல்லை. பவர் சப்ளை மாற்றினால் பழைய கேபிள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, புதுப் பெட்டிக் கேபிளையே போடச் சொல்லி நின்று பாருங்கள். டிஸ்க்கைக் கொழுவி, விண்டோஸ் வரும்வரை கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சில மலிவுப் பவர் சப்ளையின் பின்னால் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் இருக்கும், நம் கரண்ட் 230, அது 115இல் இருந்தால் போட்டவுடன் வெடிக்கும். கூலியையும் பில்லில் எழுதி வாங்குங்கள். படங்களை வேறொரு டிஸ்க்கில் வையுங்கள், நான் வைக்கவில்லை.

கருகிய அந்தக் கடுகுத் துண்டு, கூடின வோல்ட் வந்தால் தான் செத்துப் பலகையைக் காப்பாற்றுகிற பாகமாம், அதைக் கழற்றினால் சில டிஸ்க் உயிர்த்து வருமாம். தரவு மீட்கிற ஒருவரிடம் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறேன். மிச்சம் பிறகு எழுதுகிறேன், களுவாஞ்சிக்குடிக் கல்யாண வீட்டுக்காரர் கோல் எடுக்கிறார், இது மூன்றாவது தரம்.