டிஃபரென்ஷியல் இருக்கும்போது ஆர்இஎஃப் எதற்கு?

சோலார், காற்றாலை நிலையங்களின் முதன்மை டிரான்ஸ்ஃபார்மருக்கு ரிலே (பழுதைக் கண்டு ட்ரிப் செய்ய வைக்கும் கருவி) முடிவு செய்யும்போது இந்தக் கேள்வி தவறாமல் வரும். "டிஃபரென்ஷியல்தான் போட்டாச்சே, ரெஸ்ட்ரிக்டட் எர்த் ஃபால்ட் (ஆர்இஎஃப்) தனியாக வேண்டுமா?"

டிஃபரென்ஷியல் டிரான்ஸ்ஃபார்மரின் இரு பக்கக் கரண்ட்டையும் ஒப்பிடும். ஆர்இஎஃப் ஸ்டார் பக்கத்தின் மூன்று பேஸ் கரண்ட்டின் கூட்டலை நியூட்ரல் கரண்ட்டோடு ஒப்பிட்டு, அந்த வைண்டிங்கின் எர்த் ஃபால்ட்டை (கரண்ட் எர்த்துக்குப் பாயும் பழுதை) மட்டும் பிடிக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்டார் நியூட்ரல் ஒரு ரெசிஸ்டர் வழியாக எர்த் ஆகியிருக்கிறது. எர்த் ஃபால்ட் கரண்ட் அதிகபட்சம் முழு லோடு அளவு; சதவீதங்கள் எல்லாம் அதை வைத்துத்தான். நியூட்ரலிலிருந்து 20 சதவீதத் தொலைவில் வைண்டிங் பழுதானால் நியூட்ரலில் 20 சதவீத கரண்ட் ஓடும். டெல்டா பக்கத்திலோ அது வர்க்கக் கணக்கில் 4 சதவீதமாகச் சுருங்கி, √3-ஆல் வகுபட்டு 2.3 சதவீதமாகிவிடும். 20 சதவீதத்தில் பிக்கப் (செயல்படத் தொடங்கும் அளவு) வைத்த டிஃபரென்ஷியலுக்கு அது தூசு. இந்தக் கணக்குப்படி வைண்டிங்கில் ஏறக்குறைய 59 சதவீதம் அதன் கண்ணில் படாது. ஆர்இஎஃப் நியூட்ரல் கரண்ட்டையே பார்ப்பதால் சட்டென்று பிடித்துவிடும். நியூட்ரலை நேரடியாக எர்த் செய்திருந்தால் இந்த இடைவெளி குறையும். ஆனாலும் நியூட்ரலை ஒட்டிய பழுதில் ஆர்இஎஃப்தான் முந்தும்.

அதற்காக டிஃபரென்ஷியலைக் கழற்றிவிட முடியாது. எர்த்தைத் தொடாத பேஸ்-பேஸ் ஃபால்ட்டில் ஆர்இஎஃப் வாயே திறக்காது.

மூன்றாவது ஆள், நியூட்ரலில் வைக்கும் ஸ்டேண்ட்பை எர்த் ஃபால்ட் ரிலே. மலிவு, எளிமை, ஆனால் காத்திருந்துதான் ட்ரிப் செய்யும். கிரிட் பக்கம் ஸ்டார் எர்த்தும் உள்ளே ஒரு டெல்டாவும் இருந்தால், இரவில் இன்வெர்ட்டர் தூங்கினாலும் லைன் ஃபால்ட்டுக்கு நியூட்ரல் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் லைன் ரிலேக்கு வழிவிட்டே தாமதம் வைக்க வேண்டும். பேக்கப் வேலைக்கு மட்டும் சரி.

ஆர்இஎஃபிலும் இரண்டு வகை. ஹை இம்பீடன்ஸுக்கு ஒரே ரேஷியோவில் தனி சிடிகள் (கரண்ட்டை அளக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்கள்) வேண்டும்; வெளி ஃபால்ட்டில் சிடி சாச்சுரேட் ஆகி (காந்தக் கோர் நிறைந்து) தப்பாக அளந்தாலும் அசையாது. லோ இம்பீடன்ஸ் நியூமெரிக்கல் (டிஜிட்டல்) ரிலேயிலேயே அடங்கிவிடும், ரேஷியோ வேறாக இருக்கலாம். புது நிலையத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு ஆபத்து மட்டும் உண்டு. நியூட்ரல் சிடியின் இரு வெளியீட்டு முனைகளான எஸ்1, எஸ்2 மாறியிருந்தால் லோடில் தெரியவே தெரியாது, நியூட்ரல் கரண்ட் ஏறக்குறைய பூஜ்யம் என்பதால். வெளியே லைனில் முதல் எர்த் ஃபால்ட் வரும் நாளில், கழிய வேண்டிய இரண்டு கரண்ட்டும் கூடி, ஒரு குறையும் இல்லாத டிரான்ஸ்ஃபார்மரை ட்ரிப் செய்துவிடும். சார்ஜ் செய்வதற்கு முன்பே ஒரு பேஸ் சிடியையும் நியூட்ரல் சிடியையும் தொடராக்கி பிரைமரி இன்ஜெக்ஷன் (சிடியின் பிரைமரி வழியே சோதனைக் கரண்ட்) கொடுங்கள். ரிலே திரையில் ஆர்இஎஃபின் டிஃபரென்ஷியல் கரண்ட் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும்.