இடுப்பு வலியோடு ஆன்லைன் தூக்க சிகிச்சை: 14 மாத அனுபவம்

நாத்தனார் போன வாரம் போன் செய்தாள். "அண்ணி, தூக்கத்துக்கு ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் பண்ணீங்களே, இப்போ பாதி விலைக்குப் போட்டிருக்காங்க. சேரட்டுமா?" அவளுக்கு முடக்கு வாதம். ராத்திரி விரல் மூட்டு குத்தி விழிப்பு வந்தால் விடியும்வரை தூக்கம் கிடையாது. போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பில் எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம், ஏழு வருஷமாக. நான் எடுத்த சிகிச்சை சி.பி.டி.-ஐ (CBT-I), அதாவது தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016லேயே பரிந்துரைத்தது. நான் சேர்ந்தது எட்டு வார கோர்ஸ். தினம் காலையில் தூக்க டைரி, வாரம் ஒரு பாடம், சந்தேகத்துக்குச் செய்தியில் பதில்.

முதல் வார டைரியைப் பார்த்துத் திடுக்கிட்டேன். படுக்கையில் கிடந்தது ஒன்பது மணி நேரம், தூங்கியது ஐந்தேகால். வெறும் 58 சதவீதம். உடனே செயலி நேரத்தைச் சுருக்கியது: இரவு 12க்கு முன் படுக்கக் கூடாது, காலை 5.30க்கு மேல் கிடக்கக் கூடாது. 85 சதவீதத்தைத் தாண்டினால் கால் மணி நேரம் கூட்டித் தரும். முதல் இரண்டு வாரம் கொடுமை. மதியம் அலுவலகத்தில் கண் சொருகும். ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனேன். (வலிப்பு, இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.) நான்காம் வாரம், படுத்ததும் தூக்கம் வந்தது. இது உண்மையிலேயே வேலை செய்கிறது.

என் கோபம் வேறு ஒரு விதி மேல். இருபது நிமிஷத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் போய் உட்கார வேண்டும். 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் வகுத்த முறை. படுக்கை என்றாலே தூக்கம் என்று உடம்பு திரும்பப் பழக வேண்டும், நியாயம் புரிகிறது. ஆனால் இடுப்பு வலிக்காரி ராத்திரி 2 மணிக்கு எப்படி எழுவாள் என்று பாடம் எழுதியவர் யோசிக்கவே இல்லை. முதலில் ஒருக்களிக்க வேண்டும். முழங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி உடம்பை ஒரே கட்டையாகத் தூக்க வேண்டும். அதற்குள் வலது காலில் கணுக்கால்வரை ஷாக் அடித்த மாதிரி இழுக்கும். அப்புறம் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி. பத்தே நிமிஷத்தில் இடுப்பு விறைத்துவிடும். உட்காருவதுதானே எனக்கு ஆகவே ஆகாது! மூன்று வாரம் அப்படி உட்கார்ந்தேன். காலையில் டைரியில் வலி எண் 6, 7, 7 என்று போடுவேன். அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. "அருமை, தவறாமல் பதிவு செய்கிறீர்கள்" என்று ஒரு நட்சத்திரம் வரும். நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கென்றே நடத்தும் கோர்ஸ் இது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாலு தடவை கேட்ட பிறகு ஒரு பயிற்சியாளர் பதில் போட்டார்: "கட்டிலில் கிடக்க வேண்டாம் என்பதுதான் விதி. வேறு இடத்தில் முதுகைச் சாய்க்கலாம்." அன்று இரவே ஹாலில் கோரைப்பாய் விரித்தேன். மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலி மேல் போட்டுக்கொண்டால் இடுப்பு தரையில் பதிந்து, இழுப்பு மெல்ல விடும். கண் அசரும்போது கட்டிலுக்குத் திரும்புவேன். எழும் வேதனை அப்படியேதான் இருந்தது, ஆனால் எழுந்ததற்குப் பலன் கிடைத்தது. சாயந்திரம் வேலை விட்டு வந்து முதுகு சாய்ப்பதையும் பாய்க்கு மாற்றிக்கொண்டேன். வலிக்குப் பாய், தூக்கத்துக்குக் கட்டில். இந்த ஒரு வரி முதல் பாடத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

தூக்கமின்மை அளவுகோலில் (எண் கூடினால் தூக்கமின்மை கூடுதல்) சேரும்போது 28க்கு 21. எட்டாம் வாரம் 9. இன்றைக்கும் ஆறரை மணி நேரம் தூங்குகிறேன். நடுவில் விழிப்பு வரும். "நாளைக்கு எப்படி வேலைக்குப் போவேன்" என்ற பதைப்பு வருவதில்லை. வலி மட்டும் 6இலிருந்து 5க்கு வந்ததோடு சரி. ஆய்வுகளிலும் பொதுவாக இப்படித்தான்: தூக்கம் நன்றாகத் தேறுகிறது, வலி கொஞ்சம்தான் குறைகிறது. விளம்பரத்தில் வலி குறையும் என்று பெரிய எழுத்தில் போட்டவர்கள் இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

இவ்வளவு நல்லது நடந்தும் நாத்தனாருக்கு நான் சொல்வது: அந்த கோர்ஸ் வேண்டாம், பாதி விலைக்கும் வேண்டாம். உனக்குக் காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. 5.30க்கு எழுந்து நீ என்ன செய்வாய் என்று ஒருவர் முகம் பார்த்துக் கேட்க வேண்டும். இதே சிகிச்சையை வீடியோவில் நேரடியாகத் தரும் மருத்துவ உளவியலாளர்கள் இருக்கிறார்கள். உன் மூட்டு டாக்டரிடமே விசாரி. மாத்திரையை நீயாக நிறுத்தாதே. தூக்க டைரியை நாளைக் காலையிலேயே தொடங்கிவிடு. பாய் உனக்குச் சரிப்படாது, கை ஊன்றித் தரையிலிருந்து எழ முடியாது. மாமாவின் சாய்வு நாற்காலி மாடியில் சும்மாதான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.