உப்பைக் குறைத்தால் பி.பி. குறைகிறதா? வாட்ச், கைப்பட்டை மெஷின், 24 மணி நேரக் கருவி

வேலூர் நகரத்திலும் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களிலும் 1991-94இல் எடுத்த கணக்கை 2010-12 கணக்கோடு சி.எம்.சி. மருத்துவர்கள் ஒப்பிட்டபோது, கிராமங்களிலும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடியிருந்தன. அதனால் உப்பைக் குறைத்துப் பார்ப்போம் என்று பலரும் இறங்குகிறார்கள். பலன் கிடைத்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது? என் ஓட்டு மேல்கையில் சுற்றும் சாதாரண மெஷினுக்குத்தான்.

நாம் தேடுவது சின்ன மாற்றம். உப்பை நன்றாகக் குறைத்தால், பி.பி. உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 5 புள்ளி அளவில் இறங்கும். ஆனால் மாடிப்படி ஏறி வந்தாலே, யாரோடாவது சத்தம் போட்டுப் பேசினாலே அதைவிட அதிகமாக எண் ஆடும்.

பெரும்பாலான ஸ்மார்ட் வாட்ச் அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் அடித்து, நாடித்துடிப்பின் அலையைப் பார்த்து ஊகிக்கிறது. சாம்சங் வாட்சில் 28 நாளுக்கு ஒருமுறை கைப்பட்டை மெஷினில் பார்த்து அந்த எண்ணைப் பதிய வேண்டும். அப்படியென்றால் வாட்ச் வாங்கினாலும் மெஷின் தேவைதானே! ஆப்பிள் வாட்ச் எண்ணே காட்டாது; 30 நாள் தரவைப் பார்த்து எச்சரிக்கை மட்டும் கொடுக்கும். பட்டை இல்லாத கருவிகளை நம்பி நோயை முடிவு செய்யவோ சிகிச்சையை மாற்றவோ வேண்டாம் என்று ஐரோப்பிய ரத்த அழுத்தச் சங்கம் 2023இல் சொல்லியிருக்கிறது. எந்தப் பதிவும் கேட்காமலே எண் காட்டும் மலிவு வாட்ச்களைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அதற்காகக் கழற்றி எறிய வேண்டாம். எவ்வளவு தூங்கினோம், கோட்டையைச் சுற்றி எவ்வளவு நடந்தோம் என்பதை அது ஒழுங்காகக் குறித்து வைக்கும். தூக்கம் கெட்டாலும் பி.பி. ஏறும் என்பதால் அந்தக் குறிப்பு உதவும்.

24 மணி நேரக் கருவி பகலில் 15-30 நிமிடத்துக்கு ஒருமுறை தானே காற்றடித்து அளக்கும். தூக்கத்திலும் அளப்பதுதான் அதன் பெருமை. இரவில் அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். உப்பு ஒத்துக்கொள்ளாத உடம்பில் பல சமயம் அப்படி இறங்குவதில்லை. டாக்டர் சொன்னால் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். உணவுச் சோதனைக்கு மாதக்கணக்கில் இதை வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

மெஷினுக்குச் செலவைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். உங்கள் கைக்குப் பொருந்தும் பட்டை முக்கியம். சின்னப் பட்டை எண்ணைக் கூட்டிக் காட்டும். காபி குடித்து அரை மணி நேரம் போகட்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். ஒரு வாரம் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85க்கு மேல் போனால் அதிகம். அப்புறம் உப்பைக் குறைத்து, ஒரு மாதம் கழித்து அதே போல இன்னொரு வாரம். உப்பைக் குறைத்தால் பி.பி. என்னாகிறது என்று பார்த்து 2001இல் வந்த டாஷ்-சோடியம் ஆய்விலும் ஒவ்வொரு உப்பு அளவுக்கும் 30 நாள் கொடுத்தார்கள்.

நம் ஊரில் ஒரு பொறி உண்டு. வெயில் காலத்தில் பி.பி. தானாகவே கொஞ்சம் இறங்கும். மாசியில் ஆரம்பித்து அக்னி நட்சத்திரத்தில் முடித்தால், வேலூர் வெயில் செய்த வேலைக்கு உப்பு பெயர் வாங்கிக்கொள்ளும்.

சாப்பிட்டதில் உப்பு எவ்வளவு என்று மூன்றுக்குமே தெரியாது. செயலியில் 'சாம்பார் ஒரு கிண்ணம்' என்று போட்டால், உங்கள் வீட்டுச் சாம்பாரின் உப்பு அதற்கு எப்படித் தெரியும்? ஆய்வுகளில் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துச் சோடியம் பார்க்கிறார்கள். வீட்டில் உப்புப் பாக்கெட்டின் மேல் தேதி எழுதி வையுங்கள். நான்கு பேருக்கு 1 கிலோ 30 நாளில் தீர்ந்தால் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். ஆம்பூர் பிரியாணியும் கடை ஊறுகாயும் அந்த 8இல் சேரவில்லை.