ஹோம் ரன் அடிக்கும் பையன்களை எடைபோட: பேஸ்பால் சாவண்ட் மைனர் லீக் பக்கம் பற்றி

எங்கள் ஆபீஸில் சில பேர் சேர்ந்து ஃபேன்டஸி பேஸ்பால் ஆடுகிறோம், அதாவது நிஜ ஆட்டக்காரர்களை எடுத்துக் கற்பனை அணி கட்டும் ஆட்டம். டைனஸ்டி வகை. ஒருமுறை எடுத்த ஆட்டக்காரர் நாம் விடும்வரை நம்மிடம்தான், வருஷா வருஷம் கலைத்துப் போடுவது கிடையாது. அதனால் மைனர் லீக்கில் இருக்கும் இருபது வயதுப் பையன்களை இப்போதே பிடித்துப் போடுவதில்தான் உண்மையான போட்டி. எல்லோருடைய கண்ணும் போவது ஹோம் ரன் அடிப்பவன் மேல், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி பந்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்புகிறவன். அந்த வேலைக்கு நான் தினமும் திறப்பது பேஸ்பால் சாவண்ட் தளத்தின் மைனர் லீக் தேடல் பக்கம். நடத்துவது மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பே. காசு கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம். ஐந்துக்கு நான்கு போடுவேன். ஒரு மார்க் எங்கே போச்சு என்பதைக் கீழே சொல்கிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு வரி: 30 மேஜர் லீக் அணிகளுக்கும் கீழே சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று நான்கு படிகள். மொத்தம் 120 அணிகள். பையன் பொதுவாக ஒவ்வொரு படியாக ஏறி வர வேண்டும்.

இந்தத் தளம் ஏன் வேண்டும்? ஹோம் ரன் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆளை எடுப்பது பழைய ஆபத்து. 1954-ல் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் அணிக்கு ஆடிய ஜோ பாமன் ஒரே சீசனில் 72 ஹோம் ரன் அடித்தார். மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. (இன்றைக்கும் மைனர் லீக்கில் அதிக ஹோம் ரன் அடிப்பவருக்குக் கொடுக்கும் விருது அவர் பெயரில்தான். வயிற்றெரிச்சலா, மரியாதையா தெரியவில்லை.) அவ்வளவு பின்னால் போக வேண்டாம் என்றால் பிராண்டன் வுட் இருக்கிறார். 2005-ல் மைனர் லீக் வகையான கலிஃபோர்னியா லீக்கில், ராஞ்சோ கூக்கமோங்கா அணிக்காக 43 ஹோம் ரன். ஃபீல்டிங்குக்காகவே ஆள் எடுக்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆடுகிற பையன் 43 அடித்தால் யாருக்குத்தான் நாக்கில் எச்சில் ஊறாது? மேஜர் லீக்கில் அவருடைய மொத்தக் கணக்கு 18 ஹோம் ரன், ஆவரேஜ் .186, அதாவது ஆயிரம் வாய்ப்பில் 186 ஹிட். கலிஃபோர்னியா லீக்கின் சில மைதானங்களில் அப்போது காற்றும் உயரமும் சேர்ந்து பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். பாட்டா பிட்சில் ரஞ்சி முச்சதம் அடித்தவரை நேரே இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆட அனுப்புகிற கதைதான்.

இன்றைக்கும் அது மாறவில்லை. டிரிபிள்-ஏ லீக்கான பசிபிக் கோஸ்ட் லீக்கில் ஆல்பகர்க்கி மைதானம் கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே. ரீனோ, சால்ட் லேக் எல்லாம் 4,000-ஐத் தாண்டியவை. அங்கே 25 ஹோம் ரன் அடித்தவனையும், ஃப்ளோரிடாவின் புழுக்கத்தில், பெரிய மைதானங்களில் 15 அடித்தவனையும் எண்ணிக்கை வைத்து ஒப்பிட்டால் தப்பான ஆளைத்தான் எடுப்போம்.

சாவண்ட் இங்கேதான் கை கொடுக்கிறது. 2023-லிருந்து எல்லா டிரிபிள்-ஏ மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் கேமராக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பந்தும் எவ்வளவு வேகத்தில் வந்தது, மட்டையில் பட்டு எவ்வளவு வேகத்தில் கிளம்பியது, எந்தக் கோணத்தில் எழும்பியது, எல்லாம் பதிவாகிறது. கேமராவுக்கு மைதானச் சுவரும் தெரியாது, ஸ்கோர் புத்தகமும் தெரியாது.

நான் இருக்கும் வட கரோலினாவின் கேரியிலிருந்து டர்ஹம் புல்ஸ் மைதானம் பக்கம். டாம்பா பே ரேஸின் டிரிபிள்-ஏ அணி. அங்கே இடது பக்கச் சுவர் 32 அடி உயரம், நீலப் பெயின்ட், பேர் புளூ மான்ஸ்டர். ஆனால் ஓரக்கோட்டில் அந்தச் சுவர் பேட்டரிலிருந்து வெறும் 305 அடி தூரம்தான். இதனால் வேடிக்கையெல்லாம் நடக்கும். ஒருவன் மணிக்கு 107 மைல் வேகத்தில், அதாவது 170 கிலோமீட்டருக்கு மேல், கம்பி இழுத்த மாதிரி அடிப்பான். சுவரில் ‘டம்’ என்று மோதி அதே வேகத்தில் ஃபீல்டர் கைக்குத் திரும்பி வரும். சிங்கிள், ஒரே ஒரு பேஸ்தான். அடுத்தவன் 94 மைலில் ஓரமாகத் தூக்கி விடுவான், பந்து சுவரின் தலையைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் விழும். ஹோம் ரன். கூட்டம் எழுந்து நிற்பது இரண்டாமவனுக்கு. நான் போனில் சாவண்டின் நேரடி ஆட்டப் பக்கமான கேம்ஃபீடைத் திறந்து முதலாமவன் பெயரைக் குறித்துக்கொள்வேன். பந்து விழுந்த சில நொடிகளில் வேகமும் கோணமும் வந்துவிடும்.

எந்த எண்ணைப் பார்ப்பது? பந்து மட்டையிலிருந்து கிளம்பும் சராசரி வேகத்தை (எக்ஸிட் வெலாசிட்டி) நான் அதிகம் மதிப்பதில்லை. நடுவில் பத்து உருட்டல், நாலு சப்பை அடி சேர்ந்தால் அது கெட்டுப்போகும். ஒருவன் அடித்ததில் மேல் பத்து சதவீதப் பந்துகள் எந்த வேகத்தில் கிளம்புகின்றன என்பதுதான் பலத்துக்கு நல்ல அளவு. அதிகபட்ச வேகமும் உதவும். 113 மைல் யாருக்கும் அதிர்ஷ்டத்தில் வராது. அப்புறம் ‘பேரல்’ கணக்கு, அதாவது மிகச் சரியாக அடிபட்ட பந்துகள். குறைந்தது 98 மைல் வேகம், 26-லிருந்து 30 டிகிரி கோணம். வேகம் கூடக்கூட அந்தக் கோண வரம்பும் அகலமாகும். இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் பலம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி முடிந்தது.

ஆனால் பலம் என்பது இதில் சுலபமான பாதி. ஸ்கவுட்டுகள் 20-லிருந்து 80 வரை மார்க் போடும்போது பவருக்கு இரண்டு மார்க் போடுவார்கள்: ஒன்று பயிற்சியில் தெரியும் பச்சைப் பலம், இன்னொன்று ஆட்டத்தில் வெளிப்படும் பலம். முன்னதில் 70, பின்னதில் 40 என்று எத்தனையோ பையன்கள். நடுவில் இருக்கும் பள்ளத்தின் பெயர் ஸ்டிரைக்-அவுட், மூன்று ஸ்டிரைக் விழுந்து அவுட் ஆவது. எங்கள் லீக்கில் பாதிப் பேர் அடித்த பந்துகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்ப்பது அவன் மட்டையை வீசித் தவறவிட்ட பந்துகளை. இந்தத் தளத்தின் உண்மையான அருமை அங்கேதான், அதை உபயோகிப்பவர்கள் குறைவு.

ஜோயி கேலோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் எடுத்த பையன். அடுத்த வருஷம் மைனர் லீக்கின் ஹிக்கரி அணியில் 38 ஹோம் ரன், 165 ஸ்டிரைக்-அவுட். 2014-ல் இரண்டு படிகளில் சேர்த்து 42 ஹோம் ரன், மைனர் லீக் நட்சத்திரங்கள் ஆடும் ஃபியூச்சர்ஸ் ஆட்டத்தில் ஆட்டநாயகன். பலத்துக்கு எண்பது மார்க் என்று சத்தியம் செய்யலாம். மேஜர் லீக்கில் 2017-ல் 41, 2018-ல் 40 அடித்தார். இரண்டு வருஷமும் சிங்கிளைவிட ஹோம் ரன் அதிகம். கூடவே 2018-ல் 207 ஸ்டிரைக்-அவுட். கடைசியில் 208 ஹோம் ரன், ஆவரேஜ் .194. அவரைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு முறை ஆல்-ஸ்டார், ஃபீல்டிங்குக்கான கோல்டு குளவ் விருதை இரண்டு முறை வாங்கியவர். ஆனால் பதினெட்டு பத்தொன்பது வயதில் தெரிந்த ஓட்டை கடைசிவரை அடைபடவில்லை.

இப்போது ஜூனியர் கமினேரோ. 2024-ல் டர்ஹமில் ஆடும்போது வயது இருபது, இருபத்தொன்று. எதிரே பந்து போடுகிறவர்களில் பலர் இருபத்தாறு, இருபத்தேழு வயதுக்காரர்கள், மேஜர் லீக்கைப் பார்த்துத் திரும்பியவர்கள். அவர் மட்டையைச் சுழற்றும்போது முன்கால் தூக்குவதைப் பார்த்தால் எல்லாவற்றையும் விளாசப் போகிற ஆவேசம்தான் தெரியும். ஆனால் ஸ்டிரைக்-அவுட் ஆவது அந்த ஆவேசத்துக்கு ஏற்ற அளவில் இருக்காது. எனக்கு இருந்த கவலை வேறு: அடிக்கும் பந்துகளில் பாதி தரையை நோக்கி. கோண வரைபடத்தில் அப்பட்டமாகத் தெரியும். அந்தக் கவலையும் முழுசாகப் போகவில்லை. 2025-ல் மேஜர் லீக்கிலேயே அதிகமாக டபுள் பிளேயில், அதாவது ஒரே உருட்டலில் இரண்டு பேர் அவுட்டாகும் வகையில், மாட்டியவர் அவர்தான். அதே வருஷம் 45 ஹோம் ரன்னும் அடித்தார், ஸ்டிரைக்-அவுட் ஐந்துக்கு ஒன்று என்ற அளவில். கோணத்தைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. படாத பந்துக்கு என்ன செய்ய முடியும்?

சரி, எப்படித் தேடுவது? தேடல் பக்கத்தில் கட்டங்கள் ஏராளம், முதல் முறை திறந்தால் மலைப்பாக இருக்கும். ஆட்டக்காரர் பெயரைப் போடுங்கள். முடிவு என்ற இடத்தில் வீசித் தவறவிட்ட ஸ்டிரைக்குகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஸோன் (விட்டால் ஸ்டிரைக் ஆகும் பகுதி) என்ற இடத்தில் உள்ளே இருக்கும் ஒன்பது கட்டங்கள். ஒரு பவர் பையன் வளைந்து வெளியே போகும் ஸ்லைடர் பந்தைத் துரத்தித் தவறவிடுவதை நான் மன்னிப்பேன், அது சில வருஷத்தில் பழகும். நடுக்கட்டத்தில் வரும் ஃபாஸ்ட்பாலை விட்டால்தான் பயம். அதற்கு ஒரு வடிகட்டி கூடச் சேருங்கள்: 95 மைலுக்கு மேல் வந்த பந்துகள். டிரிபிள்-ஏயில் 91 மைலில் பந்து போட்டுக்கொண்டு, தந்திரத்தால் பிழைக்கும் மூத்த பிட்சர்கள் நிறைய. அவர்களை வெளுத்து வாங்குவது தனித் திறமை. அதை மேலே கொண்டுபோய் விற்க முடியாது. 95-க்கு மேல் வரும்போது தொடுகிறானா என்று பார்த்தால் நாலு பேரில் ஒருவன்தான் மிஞ்சுவான்.

தேதி வாரியாகவும் பாருங்கள். மைனர் லீக்கில் இப்போது ஒரே எதிரணியோடு செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை ஆறு ஆட்டம். இது எனக்குப் பிடித்த பரீட்சை. செவ்வாய்க்கிழமை ஃபாஸ்ட்பாலை அடித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பியவனுக்கு வெள்ளிக்கிழமை யாரும் அதைப் போட மாட்டார்கள். அதே பந்துவீச்சாளர்கள், ஆனால் முதல் பந்தே காலடியில் விழும் கர்வ் பால். அப்போது அவன் நாலு பந்தை விட்டு வாக் (இலவசமாக முதல் பேஸ்) வாங்கிக்கொண்டு போகிறானா, பொறுமை இழந்து சுழற்றுகிறானா என்பதைச் செவ்வாயையும் சனியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். எந்த ரேங்கிங் பட்டியலிலும் இது வராது.

வாக் எண்ணிக்கையில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. 2023-ல் டிரிபிள்-ஏயில் வாரத்தின் முதல் பாதி ஆட்டங்களில் ஸ்டிரைக்கா, பாலா (ஸோனுக்கு வெளியே போன பந்து) என்று சொன்னது இயந்திரம். மீதியில் நடுவர் சொல்வார், தப்பென்றால் ஆட்டக்காரர் அப்பீல் செய்யலாம். 2024 ஜூனுக்குப் பிறகு அப்பீல் முறை மட்டும். இயந்திரம் இருந்த நாட்களில் எல்லோருக்குமே வாக் கூடியது. அதனால் 2023 வாக் எண்ணை வைத்து ‘பையனுக்கு நல்ல கண்’ என்று முடிவு கட்ட வேண்டாம். நேரில் போனால் இன்னொன்று கவனிக்கலாம். பேட்டர் ஹெல்மெட்டைத் தட்டினால் அப்பீல் என்று அர்த்தம். பெரிய திரையில் பந்து வரைபடமாக வந்து கட்டத்தைத் தொடுகிறதா என்று மொத்தக் கூட்டமும் வாயைப் பிளந்து பார்க்கும். எவன் அடிக்கடி தட்டி ஜெயிக்கிறானோ அவனுக்கு ஸ்டிரைக் ஸோன் மனப்பாடம்.

சின்ன சாம்பிளை வைத்து ஆடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். யாங்கீஸ் அணியின் ஆரன் ஜட்ஜ் 2016 ஆகஸ்டில் மேஜர் லீக்குக்கு வந்து முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார். அந்த சீசன் முடியும்போது கணக்கு .179, 84 அட்-பேட்டில் 42 ஸ்டிரைக்-அவுட். அதைப் பார்த்து அவரை விட்டவர்கள் அடுத்த வருஷம் 52 ஹோம் ரன்னை அடுத்தவன் அணியில் பார்த்தார்கள்.

இனி போன ஒரு மார்க். பொதுமக்களுக்குக் கிடைப்பது டிரிபிள்-ஏ முழுவதும், சிங்கிள்-ஏயில் ஃப்ளோரிடா ஸ்டேட் லீக்கும்தான். டபுள்-ஏவும் ஹை-ஏவும் கிடையாது. பவர் பையன்களின் தலையெழுத்தை நிர்ணயிக்கும் படி டபுள்-ஏ. நல்ல ஸ்லைடரை முதன்முதலாகத் தொடர்ந்து சந்திப்பது அங்கேதான், நல்ல பையன்கள் பலர் அங்கிருந்து டிரிபிள்-ஏயை எட்டிக்கூடப் பார்க்காமல் மேலே போய்விடுகிறார்கள். கமினேரோவே 2023 செப்டம்பரில் டபுள்-ஏ மான்ட்கோமரியிலிருந்து நேராக மேஜர் லீக்குக்குப் போனவர். அணிகளிடம் அந்தத் தகவல் இருக்கிறது, நமக்குத்தான் இல்லை. படிப்பின் நடுவில் இரண்டு அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுக்கிறார்கள் என்று எரிச்சல் வரும்.

அந்தப் பள்ளத்துக்கு நான் செய்யும் ஒட்டு வேலை: டபுள்-ஏ ஆட்டங்களை வீடியோவில் எடுத்து, இரண்டு ஸ்டிரைக் விழுந்த பிறகு வரும் பந்துகளை மட்டும் ஓட்டிப் பார்ப்பது. கேமரா சென்டர் ஃபீல்டில் இருக்கும் மைதானங்களைத் தேர்ந்தெடுங்கள். பேட்டருக்குப் பின்னால் மாடியில் வைத்த கேமராவில் எது ஸ்லைடர், எது கட்டர் (அதைவிடக் குறைவாக வளையும் பந்து) என்றே பிரியாது. டபுள்-ஏயின் சதர்ன் லீக் பையன் என்றால் 2023-ன் முதல் பாதியைத் தனியே வெட்டி வையுங்கள். அப்போது அங்கே பிடிமானத்துக்குப் பசை பூசிய பந்தைச் சோதனைக்காகப் போட்டார்கள், ஸ்டிரைக்-அவுட் எல்லோருக்கும் ஏறியது. அந்த மூன்று மாத எண்ணைக் காட்டி உங்களிடம் யாராவது ஒரு பையனை மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால், யோசிக்காமல் வாங்கிப் போடுங்கள்.